உப்பு உதறிய எடை

மாட்டுத் தோல் லாரியில் வந்து இறங்கியதும் அப்படியே தராசில் ஏற்றுவதில்லை. முதலில் உப்பை உதறுவார்கள். உதறாமல் நிறுத்தால் தோல் விலைக்கு உப்பை வாங்கியதாகிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் இந்தக் கணக்கை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் இங்கே நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். என் தொழிலை விளக்க இதைவிட வசதியான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்து வைக்கும் கோப்பிலும் உப்பு உண்டு. அதன் எடை அணுவும் பிசகாமல் தெரியும். 'பிகேப்' என்கிற பழைய வடிவத்தில் கோப்பின் தலையில் ஒரே ஒரு முறை 24 பைட். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட்: நொடிக்கு 4, மைக்ரோநொடிக்கு 4, பிடித்த நீளத்துக்கு 4, உண்மையான நீளத்துக்கு 4. மீதியெல்லாம் சரக்கு. ஈதர்நெட்டில் சாதாரணமாகப் பிடிபடும் மிகப் பெரிய பாக்கெட் 1,514 பைட்; அதன்மேல் 16 பைட் உப்பு என்றால் 1 சதவீதம்தான். மிகச் சிறியது 60 பைட். அதற்கும் அதே 16 என்றால் 21 சதவீதம். இப்போது வயர்ஷார்க் தானாகவே எழுதும் 'பிகேப்என்ஜி' வடிவத்தில் பாக்கெட்டுக்கு 32 பைட் உப்பு. 60 பைட் பாக்கெட்டில் அது 35 சதவீதத்தைத் தொடும்.

இந்த எடையைப் போட்டுக்கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. பெயர் கேப்இன்ஃபோஸ். வயர்ஷார்க்கை நிறுவினால் கூடவே வந்து இறங்கும், விலை ₹0. ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-ல் 'ஈத்தரியல்' என்ற பெயரில் வெளியிட்டு, 2006-ல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிய அதே தொகுப்பு. அதற்கும் முன்னோடி, 1988-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சனும் சகாக்களும் எழுதிய டிசிபிடம்ப். வயர்ஷார்க்கின் வண்ணத் திரையைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கருப்புத் திரையில் கேப்இன்ஃபோஸ் என்று தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுப்பவர்கள் அதில் பத்துப் பேர் தேறினால் அதிகம். கோப்பைத் திறப்பதற்கு முன் தொகையைப் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. தோல் வியாபாரத்தில் இருந்தால் நாங்கள் எல்லோரும் முதல் வருடமே கடையை மூடியிருப்போம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை, பெயர் வேண்டாம். எண்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பில் போடும் மென்பொருள் ஆமையாக ஊர்கிறது என்று புகார். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில், ஓடுவதன் நகலைத் தரும் மிரர் போர்ட்டில் என் லேப்டாப்பைச் செருகி 10 நிமிடம் பிடித்தேன். கணக்கு பார்க்கும் பாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ பெரிய ஃபைல் சார்?"

"ஆறே முக்கால் ஜிபிக்கு மேல பாய்."

"இதை எப்போ தொறந்து, எப்போ பாக்குறது? இன்னிக்கு முடியாதே."

"தொறக்கப் போறதில்ல. மொத்தம் மட்டும் கேப்போம்."

திரையில் வந்ததை அவர் தன் நீள நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதிய வரிசையிலேயே தருகிறேன்.

பாக்கெட் எண்ணிக்கை: 49,20,000
நேரம்: 600 நொடி
சரக்கு: 677,97,60,000 பைட்
கோப்பு: 685,84,80,024 பைட்
சராசரி பாக்கெட்: 1,378 பைட்
நொடிக்கு: 8,200 பாக்கெட்
வேகம்: நொடிக்கு 90.4 மெகாபிட்

எழுதி முடித்ததும் பாய் கால்குலேட்டரை எடுத்தார். 49,20,000-ஐ 16-ஆல் பெருக்கினால் 7,87,20,000. அதோடு 24. சரக்கைக் கூட்டினால் 685,84,80,024. "டேலி ஆவுது சார்" என்றார். கேப்இன்ஃபோஸ் கொடுக்கும் தொகையை இப்படிப் பேரேட்டுக் கணக்காகக் கூட்டிச் சரிபார்த்த ஒரே ஆள் என் அனுபவத்தில் அவர்தான். இந்தக் கூட்டல் சும்மா இல்லை. டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்ற கோப்பு, கரண்ட் போய் அறுந்த கோப்பு, யாரோ பாக்கெட்டின் வாலை நறுக்கிச் சேமித்த கோப்பு எல்லாம் இந்த இடத்தில்தான் அகப்படும். அறுந்த கோப்பாக இருந்தால், கடைசிப் பாக்கெட்டின் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கிறது என்று கருவியே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சும்மா தட்டினால் எண்ணிக்கையை ஆயிரத்தில் சுருக்கி '4,920 கே' என்றுதான் காட்டும். கடைசி பைட் வரை வேண்டுமானால் பெரிய 'எம்' கட்டளைக் குறியைச் சேர்க்க வேண்டும். பெரிய 'டி' போட்டால் ஒரு கோப்புக்கு ஒரு வரி என்று அட்டவணையாக வரும். நேரே எக்செல்லில் ஒட்டலாம். எந்தக் குறியும் போடாவிட்டால் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் கணக்கிடும். பெரிய கோப்பில் அதற்கும் நேரம் பிடிக்கும். எண்ணிக்கை, நேரம், சராசரி மட்டும் போதுமென்றால் அந்த மூன்றுக்கும் உரிய எழுத்துகளை மட்டும் கொடுங்கள். நொடிக்கு 500 எம்பி படிக்கும் எஸ்எஸ்டியில் இந்தக் கோப்பை ஒரு தடவை படிக்க 14 நொடி. 150 எம்பி படிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 46 நொடி. இதையே வயர்ஷார்க் திரையில் திறந்தால் பல ஜிபி நினைவகம் கேட்கலாம். என் லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி.

இனி அந்த ஏழு வரி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் கம்பியில் 90.4 ஓடுகிறது, கம்பி நிறைந்துவிட்டது. சராசரி 1,378 என்றால் ஓடுவது பெரும்பாலும் முழுப் பாக்கெட். பில் போடும் மென்பொருள் அப்படி ஓடாது. அது கேள்வியும் பதிலுமாகச் சின்னச் சின்னப் பாக்கெட்டை அனுப்பும். முழுப் பாக்கெட்டாகத் தள்ளுவது கேமராவும் கோப்பு நகலும். அந்த ஸ்விட்சில் 16 கேமரா; ஒவ்வொன்றையும் 4 எம்பிபிஎஸ்ஸுக்கு வைத்திருந்தார்கள். 16 × 4 = 64. மீதி 26 எங்கே? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அடுத்த கருவி டிஷார்க்கைக் கூப்பிட்டேன். யார் யாரோடு எவ்வளவு பேசினார்கள் என்று ஜோடி ஜோடியாகப் பட்டியல் போடச் சொன்னதும் பதில் முதல் வரிசைகளுக்குள்ளேயே இருந்தது. டிசைன் அறைக் கணினி ஒன்று தினமும் மதியம் 2:30-க்கு வெட்டும் பேட்டர்ன் கோப்புகளை பேக்கப் எடுக்கிறது. கோப்பைத் திறக்காமலே முடிந்தது வேலை.

சராசரிக்கு ஒரு மரியாதை உண்டு, ஓர் எல்லையும் உண்டு. 60-70 பைட்டில் நின்றால், மீட்டரையோ சென்சாரையோ யாரோ விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது யாரோ கதவு கதவாகத் தட்டிப் பார்க்கிறார்கள். சரியாக 214-ல் நின்றால் பழைய ஜி.711 முறையில் தொலைபேசிப் பேச்சு: 20 மில்லிநொடிக் குரல் 160 பைட், தலைப்புகள் 12 + 8 + 20 + 14. ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 50 பாக்கெட். 1,514-ஐத் தாண்டிச் சராசரி வந்தால் பயப்பட வேண்டாம். கம்பியில் பிடிக்காமல் கணினிக்குள்ளேயே பிடித்திருக்கிறீர்கள்; நெட்வொர்க் கார்டு பல பாக்கெட்டை ஒட்டிக் கொடுக்கிறது.

எல்லை இது. 3 அடித் தோல் பாதி, 7 அடித் தோல் பாதி உள்ள லாட்டின் சராசரி 5 அடி. அந்த லாட்டில் 5 அடித் தோல் ஒன்றுகூட இருக்காது. அதுபோல 60 பைட் பாதியும் 1,514 பைட் பாதியும் கலந்தால் சராசரி 787. அந்த நீளத்தில் ஒரு பாக்கெட்டும் கோப்பில் கிடையாது. சந்தேகம் வந்தால் டிஷார்க்கில் நீள வாரியாகப் பிரிக்கச் சொல்லலாம்: 40-79, 80-159, 160-319, 320-639 என்று இரட்டித்துக்கொண்டே போகும் பெட்டிகளில் எண்ணிக் கொடுக்கும். தோலை அடி வாரியாகத் தனித்தனிக் குவியலாக்குவது போலத்தான்.

இந்தப் பகுதியில் பாக்கெட் கணக்குக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. அது தண்ணீர்க் கணக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் தோல் ஆலைக் கழிவு தொடர்பான வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதில் இருந்த எண்கள் இன்றைக்கும் உறுத்தும்: ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர், பயிர் செய்ய முழுக்கவோ பாதியோ லாயக்கில்லாமல் போன நிலம் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோல் ஆலைகள் உட்பட 17 வகைத் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னது. 2025 ஜனவரி 30-ல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆக, குழாயில் ஒரு மீட்டர், மீட்டரிலிருந்து ஒரு கம்பி, கம்பியில் பாக்கெட்.

ஒரு மீட்டரை எடுத்துக்கொள்வோம். இது எந்த நிலையத்திலும் பிடித்த கோப்பு இல்லை. நான் தாளில் போட்ட கணக்கு. மீட்டரிடம், தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மாட்பஸ் முறையில், நொடிக்கு ஒரு தடவை "எவ்வளவு ஓடுகிறது?" என்று கேட்கிறோம். கேள்வி 12 பைட். தலைப்புகள் 54 சேர்த்து 66. பதில் 13 பைட், சேர்த்து 67. பதில் கிடைத்தது என்ற ஒப்புதல் 54 பைட், கம்பியில் போகும்போது 60-ஆக நிரப்பப்படும். மொத்தம் 193 பைட், 3 பாக்கெட். உப்பு 48. கோப்பில் 241 பைட் ஏறுகிறது. இதற்குள் நமக்கு வேண்டிய எண், மீட்டர் காட்டும் ஓட்ட அளவு, வெறும் 4 பைட். நூற்றுக்கு 1.66. ஒரு டன் உப்புத் தோலைப் போட்டால் சுமார் 200 கிலோ தோல் மிஞ்சும். அதை வீணடிப்பு என்று பேசுகிறோம்.

ஒரு நாளுக்கு 86,400 நொடி. பாக்கெட் 2,59,200. சரக்கு 1,66,75,200 பைட், உப்பு 41,47,200, தலைக்கு 24. கோப்பு 2,08,22,424 பைட். ஏறத்தாழ 21 எம்பி. ஆண்டுக்கு 7.6 ஜிபி. இணைப்புத் தொடங்கும்போது நடக்கும் மூன்று பாக்கெட் சம்பிரதாயத்தை நான் சேர்க்கவில்லை. வாரியத்துக்குப் போவது 15 நிமிடத்துக்கு ஓர் எண்: நாளுக்கு 96, ஆண்டுக்கு 35,040. அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் 900 கேள்வி, 2,700 பாக்கெட், கோப்பில் 2,16,900 பைட் இருக்கிறது.

ஆகவே ஒரு நாள் கோப்பில் கேப்இன்ஃபோஸ் 2,59,200 என்று காட்ட வேண்டிய இடத்தில் 2,58,300 என்று காட்டினால் 900 பாக்கெட் குறைகிறது, 300 கேள்வி, 5 நிமிடம். மீட்டரோடு பேச்சு 5 நிமிடம் நின்றுபோயிருந்தது. 15 நிமிடச் சராசரியில் அந்த 5 நிமிடம் தெரியாது. மிச்ச 10 நிமிடத்தின் சராசரி அந்த இடத்தில் நிதானமாக உட்கார்ந்திருக்கும். மூன்று பாக்கெட்டில் ஒப்புதல் மட்டும் பெருகினால் சராசரி 64.33-லிருந்து இறங்கும், பதிலுக்குப் பதில் பிழைச் செய்தி வந்தாலும் இறங்கும். எந்த நிமிடம் என்று தொகை சொல்லாது. அதற்கு டிஷார்க்கில் 60 நொடிக்கு ஒரு வரி என்று கேட்க வேண்டும். 1,440 வரி வரும், எல்லா வரியிலும் 180 இருக்க வேண்டும். கண்ணை ஓட்டினால் போதும்.

விடுபட்ட பாக்கெட்டில் ஒரு வில்லங்கம். பிடிக்கும் கணினியே சுமை தாங்காமல் பாக்கெட்டைத் தவறவிட்டால் பழைய வடிவக் கோப்பில் அதற்கு அடையாளமே இருக்காது. டிசிபிடம்ப்பை நிறுத்தும்போது, கெர்னல் எத்தனை தவறவிட்டது என்று ஒரு வரி திரையில் வரும். அதை எழுதி வைக்காவிட்டால் மீட்டர்மேல் பழி போட்டுவிடுவோம்.

இனி ரூபாய்க் கணக்கு. 1 டிபி டிஸ்க் ₹5,000 என்று வைத்தால் ஒரு ஜிபிக்கு ₹5. 100 எம்பிபிஎஸ் கம்பி நிறைந்து ஓடினால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி, ₹225. நாளுக்கு 1,080 ஜிபி, ₹5,400. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில் பதிவேடுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கச் சொன்னதைக் கேட்டு, "அப்போ பாக்கெட்டையும் 180 நாளா?" என்று என்னைக் கேட்காத முதலாளி இல்லை. லாக் வேறு, பாக்கெட் வேறு. கேட்டதற்காகப் போட்டுக் காட்டுவேன்: 180 × ₹5,400 = ₹9,72,000. மணிக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு தொகை வரி, வரிக்கு 200 பைட் என்றால் 4,320 வரி, 8,64,000 பைட், விலை அரைப் பைசாகூட இல்லை. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் பேச்சு. நான் சொல்வது: முழுப் பாக்கெட்டை 24 மணி நேரம் சுழற்சியில் வையுங்கள், தொகை வரியை நிரந்தரமாக வையுங்கள், லாகை 180 நாளும் வையுங்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. பாக்கெட்டின் முதல் 96 பைட்டை மட்டும் பிடிப்பது. தலைப்புகள் அதற்குள் அடங்கிவிடும். உள்ளே போன சம்பளப் பட்டியலும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். அந்த 10 நிமிடக் கோப்பை அப்படிப் பிடித்திருந்தால் 49,20,000 × 112. அதிகபட்சம் 55 கோடி பைட் சொச்சம். 6.86 ஜிபி 0.55 ஆகிவிடும். ஆனால் இங்கே கேப்இன்ஃபோஸின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'சரக்கு' என்று அது காட்டுவது வெட்டிய நீளத்தை அல்ல, கம்பியில் ஓடிய உண்மையான நீளத்தை. கோப்பு 55 கோடி, சரக்கு 678 கோடி என்று வரும். பாயின் கூட்டல் டேலி ஆகாது. ஆகக் கூடாது. பக்கத்திலேயே, பாக்கெட் 96 பைட்டில் வெட்டப்பட்டிருப்பதாகத் தெரிகிறது என்று ஒரு வரியும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாமல் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே செர்ட்-இன் உத்தரவில் இன்னும் இரண்டு எண்: இணையத் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கணினிக் கடிகாரங்கள் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 6.86 ஜிபி கோப்பை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் வெளியே அனுப்பினாலே ஒன்றரை மணி நேரம் போய்விடும். தொகை வரியும் ஹேஷும் ஒரு குறுஞ்செய்தியில் அடங்கும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. எஸ்எச்ஏ256 என்றால் 64 எழுத்து. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தரச் சொல்லும் சான்றிதழில் இந்த மதிப்பை எழுத இடம் வைத்திருக்கிறது. கேப்இன்ஃபோஸ் அதைச் சும்மாவே அச்சிடும்.

ஷூ தொழிற்சாலைக்குத் திரும்புகிறேன். பேக்கப்பை இரவுக்கு மாற்றினோம். ஸ்டோரில் கிடந்த 24 போர்ட் ஸ்விட்சுக்குக் கேமராக்களை ஒதுக்கினோம். அடுத்த வாரம் நான் போக முடியவில்லை. அங்கே வேலை பார்க்கும் பையனே வேறொரு கணினியில் மதியம் 2:30-க்குப் பிடித்து அனுப்பினான். 600 நொடி, 5,40,000 பாக்கெட், சராசரி 612, நொடிக்கு 4.4 மெகாபிட், கோப்பு 33,91,20,024 பைட். 90.4 இருந்த இடத்தில் 4.4. தொகையை அப்படியே பாய்க்கு அனுப்பினேன்; பாராட்டு வருமென்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "சார், கூட்டல் சரி. முதல் பாக்கெட் நேரம் ராத்திரி 8:00-ன்னு போட்டிருக்கே. அந்நேரம் ஃபேக்டரி பூட்டிட்டாங்களே?"

நான் பார்க்கவே இல்லை. கோப்பில் நேரம் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிக் கணக்காக, உலகப் பொது நேரத்தில் உட்காரும். கேப்இன்ஃபோஸ் அதைப் பார்க்கிறவர் கணினியின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். பையனின் கணினி நேர மண்டலம் லண்டனில் இருந்தது. கடிகாரத்தை மட்டும் கையால் ஆம்பூருக்குத் திருப்பி வைத்திருந்தான். வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். 19,800 நொடி.

எடிட்கேப் என்கிற தம்பிக் கருவியில் எல்லா நேரத்திலும் 19,800-ஐக் கழித்து, அதே பழைய வடிவத்தில் புதுக் கோப்பு எடுத்தேன். எண்ணிக்கை அதே, சரக்கு அதே, கோப்பின் அளவும் அதே. ஹேஷ் மட்டும் வேறு. மூலத்தை அழிக்கவில்லை. பாயின் நோட்டில் அந்தத் தேதிக்கு இரண்டு வரி இருக்கிறது, முதல் வரிக்குப் பக்கத்தில் 'உப்போடு' என்று எழுதியிருக்கிறார்.